தலைகீழாகப் பிடித்தால் கிரீன்விச்

ஓசூரில் இறங்கி 'வாட்ச் தேடி வந்திருக்கிறேன்' என்று சொன்னால், ஆட்டோக்காரர் நேராக டைட்டன் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அழைத்து வந்து, சாமணத்தைக் கையில் கொடுத்து, குவார்ட்ஸ் கடிகாரம் பூட்டப் பழக்கியது. 1.15 மில்லிமீட்டர் தடிமனில் இயந்திரம் செய்து 'எட்ஜ்' வாட்சுக்குள் வைத்ததும் இங்கேதான்.

ஆனால் நான் தேடி வந்தது செல் போட்டு ஓடும் வாட்ச் அல்ல. விமானிகளுக்கென்று 1950களில் செய்யப்பட்ட, ஒரே நேரத்தில் இரண்டு ஊர் மணி காட்டுகிற பழைய சாவி வாட்சுகளும் ஆட்டோமேட்டிக்குகளும் என் பைத்தியம். வாங்குகிற வசதி கிடையாது. பார்க்கிற வசதி உண்டு. யாரிடமாவது இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிவிடுவேன். பெங்களூரு அவென்யூ ரோடு பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கடிகாரங்களைக் கோணியில் குவித்து விற்கும் ஒருவர்தான் இந்தத் தகவலைக் கொடுத்தார். ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியில் ஒரு பெரியவர், ஏர் ஃபோர்ஸில் இருந்தவர், 'ரெண்டு டைம் காட்டுற வாட்ச்' வைத்திருக்கிறாராம். என்ன கம்பெனி என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது சார், பைலட் வாட்ச்னு சொன்னாங்க."

பைலட் வாட்ச், இரண்டு டைம். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என்னைப் போன்றவர்களுக்கு இரண்டே பெயர்தான் நினைவுக்கு வரும்.

ஒன்று, கிளைசின் ஏர்மேன். அது பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1953-ல் பாங்காக்கிலிருந்து கல்கத்தாவுக்குப் பறந்த தாய் ஏர்வேஸ் டிசி-4 விமானத்தில், கிளைசின் என்ற ஸ்விஸ் கம்பெனியின் விற்பனை அதிகாரி சாமுவேல் குளூர் பயணம் செய்தார். விமானி அறையில் உட்கார்ந்து கேப்டன் பிரவுனிடம், உங்களுக்கு எப்படிப்பட்ட வாட்ச் வேண்டும் என்று விசாரித்தார். கேட்டதை எல்லாம் கடிதமாக எழுதித் தன் முதலாளிக்கு அனுப்பினார். அதிலிருந்து வந்ததுதான் ஏர்மேன். டயலில் 12-க்குப் பதில் 24 மணி. சின்ன முள் ஒரு நாளைக்கு ஒரே சுற்றுதான் சுற்றும். டயலைச் சுற்றி, அதேபோல 24 எண்கள் பொறித்த வளையம் ஒன்று. அதைத் திருப்பி இன்னொரு ஊரின் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கை தவறிப் பட்டு நகராமல் இருக்க, நாலு மணி இடத்தில் ஒரு திருகு அதைப் பூட்டிவிடும். 1965-ல் ஜெமினி 5 விண்கலத்தில் பறந்த பீட் கான்ராட் இதைக் கட்டிக்கொண்டு போனார்.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்த ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர். பான் அமெரிக்கன் விமானிகளுக்காக 1950களின் நடுவில் வந்தது. இதில் வழக்கமான 12 மணி டயல்தான். கூடுதலாக, நுனியில் முக்கோணம் வைத்த நாலாவது முள் ஒன்று 24 மணிக்கு ஒரு சுற்று வரும். வெளி வளையம் பாதி சிவப்பு, பாதி நீலம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. சேகரிப்பவர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'பெப்சி'. முதலில் பேக்கலைட்டில் செய்த அந்த வளையம் விரிசல் விட்டு உடைந்துகொண்டே இருந்ததால் சில வருஷத்தில் உலோகத்துக்கு மாறினார்கள். உடையாத பேக்கலைட் வளையம் இன்று கிடைத்தால், வாட்சைவிட வளையத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்தக் கடிகாரங்களை விரும்புகிற இந்தியனுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. உலகின் பெரும்பகுதி கிரீன்விச்சிலிருந்து முழு முழு மணியாகத் தள்ளி நிற்கிறது. நாம் ஐந்தரை மணி. இன்றைய புது ஜிஎம்டி வாட்சுகள் பலவற்றில் ஏதாவது ஒரு முள் மணிக்கு மணி குதித்துத்தான் நகரும். அரை மணியில் நிற்காது. நிமிஷ முள்ளோ இரண்டு ஊருக்கும் பொது. சென்னைக்கு வைத்தால் லண்டன் அரை மணி தப்பும், லண்டனுக்கு வைத்தால் சென்னை தப்பும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிவிட்டு மனசுக்குள் அரை மணி கூட்டிக் கழித்துக்கொண்டு இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

பழைய ஜிஎம்டி மாஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு மணி முள்ளும் ஒன்றோடொன்று பிணைந்தே ஓடும், தனியாக நகர்த்த முடியாது. வளையத்தைத்தான் திருப்ப வேண்டும். அந்த வளையத்துக்குக் 'கிளிக்' கிடையாது, எங்கே விட்டாலும் நிற்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் விட்டால் தீர்ந்தது. இன்னொரு அழகும் இதில் இருக்கிறது. 24 மணி வளையத்தில் ஒரு மணிக்கு 15 பாகை. ஐந்தரை மணிக்கு எண்பத்திரண்டரை பாகை. மிர்ஸாப்பூர் வழியே போகிற நம் திட்ட நேரக் கோட்டின் தீர்க்கரேகையும் அதே 82.5 பாகைதான். பூமியும் ஒரு நாளைக்கு ஒரு சுற்று, அந்த முள்ளும் ஒரு நாளைக்கு ஒரு சுற்று. கணக்கு ஒத்துப்போவதில் அதிசயம் இல்லை. இருந்தாலும் பூமி உருண்டையில் லண்டனிலிருந்து மிர்ஸாப்பூர் வரை உள்ள தூரத்தைக் கட்டைவிரலால் தள்ளுகிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கிறுகிறுக்கிறது. புதியது எதிலும் தேறினது என்று நம்புகிறவர்களிடம் நான் எடுத்து வைக்கிற முதல் சாட்சி இதுதான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை சாலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லாரி, லாரிக்குப் பின்னால் லாரி, கிரானைட் பாளம் ஏற்றிய இன்னொரு லாரி. பக்கத்து இருக்கைப் பையன் பேளகொண்டப்பள்ளிப் பக்கம் வேலை பார்க்கிறான். அங்கே தனியார் விமான ஓடுதளம் ஒன்று இருப்பதையும், ஓசூருக்குப் பெரிய விமான நிலையம் வரப்போவதாக 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்ததையும் அவன்தான் நினைவுபடுத்தினான். "வந்தா எங்க ஊர்லயும் நிலம் ஏறும் சார்" என்றான். அவன் ஊர் தர்மபுரி தாண்டி.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, மத்தூர் தாண்டியதும் முகம் மாறுகிறது ஊர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. நடுநடுவே கரிய பாறைக் குன்றுகள், புளியமரங்கள், வற்றின ஏரி. எதிரே வரிசையாக வெள்ளை வேன்களும் கம்பெனி பஸ்களும் போகின்றன. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு ஷிப்டு மாற்ற ஆள் ஏற்றிப் போகிறவை. ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். முன்பு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன ஊர்கள் இவை. இப்போது வேன் வாசலுக்கே வருகிறது. ஒவ்வொருவர் கையிலும் செல்போன். வாட்ச் கட்டிய மணிக்கட்டு அபூர்வம்.

கல்லாவி பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஒரு ஆள் மட்டுமே உட்காரக்கூடிய வாட்ச் ரிப்பேர் கடை. முக்கால்வாசிச் சுவரை செல்போன் கவர்கள் பிடித்துக்கொண்டன. மீதியில் சுவர்க் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டிக்கொண்டு. பெரியவரைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். "பைலட் வாட்ச்தானே? என்கிட்டதான் இருக்கு, சர்வீஸுக்கு வந்தது. அவரே இப்ப வருவாரு, உக்காருங்க சார்" என்று இழுப்பறையைத் திறந்து எடுத்துப் பலகையின் மேல் வைத்தார்.

எச்எம்டி பைலட்.

கறுப்பு டயல், பாலாடை நிறத்துக்குப் பழுத்துவிட்ட எண்கள், பதினேழு கல். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனத்தின் புகழ்பெற்ற மாடல். நல்ல வாட்ச்தான். ஆனால் இதில் மூன்று முள்தான், ஒரே மணிதான். வளையம் கிடையாது, இரண்டாவது நேரம் கிடையாது. பெயரில் மட்டும் பைலட்.

கடைக்காரர் என் முகத்தைக் கவனித்தாரோ என்னவோ, "பாருங்க, ஒரிஜினல் டயல்" என்றார். அது முக்கியம்தான். எச்எம்டியின் வாட்ச் தொழிலை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகு, பழைய பைலட்டுக்கு எங்கிருந்தோ கிராக்கி கிளம்பியது. கூடவே போலிகளும் கிளம்பின. ஏதோ ஒரு எச்எம்டி இயந்திரத்தை எடுத்து, டயலைச் சுரண்டி, ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் பெயிண்ட் அடித்து, விமானப் படம் ஒன்றையும் ஒட்டி 'அபூர்வ பைலட்' என்று விற்பார்கள். எழுத்து தடித்து, ஓரம் மங்கி இருந்தால் தொடாதீர்கள். எண்களும் முட்களும் ஒரே மாதிரி வயசாகியிருக்க வேண்டும். எண் பழுத்து முள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் முள் மாற்றியிருக்கிறார்கள். இந்த வாட்சில் இரண்டும் ஒரே பழுப்பு.

கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, பின் மூடியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தார். உள்ளே பித்தளை நிறப் பாலங்கள், ஊதா நிறத்தில் குட்டிக் கற்கள், ஓரத்தில் பேலன்ஸ் சக்கரம் நின்றுபோயிருந்தது. திருகில் சாவி கொடுத்தார். நாலைந்து திருப்பு. சக்கரம் ஒரு முறை தயங்கி, ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, பிறகு பிடித்துக்கொண்டது. மயிரிழை ஸ்பிரிங் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது. காதருகே கொண்டுவந்து பிடித்தார். நொடிக்கு ஐந்து துடிப்பு. செல் வாட்ச் முள் நொடிக்கு ஒரு குதி குதித்து நிற்கும். இதில் நொடி முள் நடுங்கி நடுங்கிப் போகும். "பெட்ரோல்ல கழுவி ஆயில் போட்டேன். இனி அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. தினமும் காலைல சாவி குடுத்தாப் போதும்."

பெரியவர் வந்தார். எழுபத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நிமிர்ந்த நடை. விமானப்படையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். பைலட் இல்லை, விமானம் ஓட்டியதும் இல்லை. கடைக்காரர் நான் வந்த காரணத்தைச் சொன்னதும், "ரெண்டு டைம் காட்டுற வாட்சா? ஆமா தம்பி, இதான்" என்று எடுத்துக் கையில் கட்டினார். "இப்ப மணி என்ன?"

"பதினொன்று பத்து."

கையை மடக்கி, வாட்ச் தலைகீழாகத் தெரியும்படி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எண்ணைப் பாக்காதீங்க. முள்ளை மட்டும் பாருங்க. இப்ப?"

சின்ன முள் ஐந்தை ஒட்டி. பெரிய முள் எட்டில். ஐந்து நாற்பது.

பதினொன்று பத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் ஐந்து நாற்பது.

எங்கோ துணுக்காகப் படித்திருக்கிறேன் இதை. ஆனால் வாழ்நாள் எல்லாம் பிழைப்புக்காகப் பயன்படுத்தியவர் கையில் பார்ப்பது வேறு. விமானம் சம்பந்தப்பட்ட எல்லாக் குறிப்பும் கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். வானிலை அறிக்கை, பயணத் திட்டம், செய்திப் பதிவு எல்லாம். அவர்கள் பேச்சில் அதற்கு 'ஜூலு டைம்'. "செக்‌ஷன்ல சுவத்துல ரெண்டு கடிகாரம் இருக்கும் தம்பி, ஒண்ணு நம்ம டைம், ஒண்ணு ஜூலு. வெளியில வண்டியில உக்காந்து செட்டு போட்டா சுவத்துக்கு எங்க போறது? ஒரு சீனியர் சொல்லிக்குடுத்தாரு."

கணக்கு எளிது. தலைகீழாக்கினால் பெரிய முள் முப்பது நிமிஷம் தள்ளும். சின்ன முள் ஆறு மணி தள்ளும். நமக்கு வேண்டியது ஐந்தரை கழித்தல். 12 மணி டயலில் அதுவும் ஆறரை கூட்டலும் ஒன்றுதான். ஆக, சின்ன முள் மட்டும் அரை மணி பின்தங்கி நிற்கும். நுணுக்கம் பார்ப்பவன் இங்கேதான் மடக்குவான். நானும் மடக்கினேன். "இரண்டே முக்காலுக்குத் திருப்பினால் சின்ன முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்குமே ஐயா, எட்டே காலா, ஒன்பதே காலா?"

"எதுக்குப் பக்கத்துல நிக்குது?"

"ஒன்பதுக்கு."

"அப்ப ஒன்பது. எப்பவும் பக்கத்துல இருக்கிற நம்பர்தான். கண்ணை மூடிட்டு எழுதலாம்."

வீட்டுக்கு வந்து எல்லா நிமிஷத்துக்கும் போட்டுப் பார்த்தேன். சரியாக அரை மணியில் மட்டும் சின்ன முள் இரண்டு எண்ணுக்கும் நட்டநடுவில் நிற்கும், அப்போது அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். மற்றபடி அவர் விதி எங்குமே தப்பவில்லை. ராத்திரியா பகலா என்பதை மட்டும் நாமே தெரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் இருக்கும் மகனுக்குப் போன் போட இதை நம்பினால் கோடையில் ஒரு மணி நேரம் தப்பும். அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துக்கொள்வார்கள், கிரீன்விச் நேரம் நகராது.

எண்கள் இல்லாமல் வெறும் கோடு போட்ட டயல்தான் இதற்கு வசதி. அவருடைய பைலட்டிலோ பன்னிரண்டு எண்ணும் கொட்டை எழுத்தில், தலைகீழாக்கினால் ஒன்றுகூடப் படிக்க முடியாது. பிறகு ஏன் இதை வாங்கினார்? "இருட்டுல எண்ணு மினுங்கும். மிலிட்டரி கேண்டீன்ல குறைஞ்ச விலைக்குக் கிடைச்சுது. வேற என்ன வேணும்?"

இந்த வித்தை வேலை செய்வது நம் அரை மணியால்தான். ஐந்து மணியோ ஆறு மணியோ வித்தியாசம் இருந்தால் பெரிய முள் ஒத்துழைக்காது. காட்மாண்டுவின் ஐந்தே முக்காலுக்கும் வராது. நமக்கே 1906 ஜனவரி 1 முதல்தான் இது பொருந்தும். அதற்கு முன் சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் கோல்டிங்காம் 1802-ல் கணித்த மெட்ராஸ் டைம். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் 14 நொடி கூட. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் சொல்வதை ரயில்வே கேட்டது. ரயில் போகிற ஊரெல்லாம் நிலையத்துக்குள் மெட்ராஸ் டைம், வெளியே அந்தந்த ஊர்ச் சூரியன் சொன்ன டைம். கல்லாவிக்குப் பக்கத்துச் சாமல்பட்டி ஸ்டேஷன் ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை போட்டது 1860களில். நாற்பது வருஷத்துக்கும் மேல் அந்தத் தண்டவாளம் இன்றைய நேரத்தைவிடக் கிட்டத்தட்ட ஒன்பது நிமிஷம் பிந்தி ஓடியிருக்கிறது. கல்லாவியின் சொந்தச் சூரியன் இன்னும் பிந்தி. சராசரியாக நம் கடிகாரம் பன்னிரண்டு பதினாறு காட்டும்போதுதான் அங்கே உச்சி வெயில். கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் விடவில்லை. மெட்ராஸ் மட்டும் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்தது. நம் குணம் அப்படி.

பெரியவர் என் மெட்ராஸ் டைம் கதையைக் கேட்டுவிட்டு இலங்கைக் கதை ஒன்றைத் தொட்டார். அவர் சம்பந்தி வீட்டார் வன்னிப் பக்கத்திலிருந்து வந்து இந்த மாவட்டத்து முகாமில் இருந்தவர்கள். 1996-ல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி, பிறகு அரை மணியாகக் குறைத்து 2006 ஏப்ரல் வரை வைத்திருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியோ பழைய ஐந்தரையிலேயே இருந்துவிட்டது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி அரை மணி மாறும். ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு நடுவே, ஒரே சாலையில், அரை மணி எல்லை. எந்த ஸ்விஸ் கம்பெனியும் அதற்கென்று வாட்ச் செய்யவில்லை.

"நீங்க தேடுற வாட்ச் என்ன விலை தம்பி?" என்று கேட்டார். நல்ல நிலையில் உள்ள பழைய ஜிஎம்டி மாஸ்டர் பத்து லட்சத்தைத் தாண்டும் என்றேன். கடைக்காரர் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பெரியவர் அசரவில்லை. "அதுல சாவி குடுக்க வேணாமா?"

"கையில் கட்டினால் தானாக ஏறிக்கொள்ளும்."

"கழட்டி வெச்சா?"

"இரண்டு நாளில் நின்றுவிடும்."

"அப்ப இதேதான்."

தயங்கித் தயங்கி, இதைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். வெளியில் நல்ல பைலட் சில ஆயிரத்துக்குள் கிடைக்கும், நான் அதைவிட நிறையவே சொன்னேன். பேத்தி கேட்டு வைத்திருக்கிறாளாம். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஷிப்டில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், கையில் ஒரு வாட்ச் இருந்தால்தான் மணி தெரியும் என்கிறாளாம். "அவளுக்கு ஜூலு டைம் எதுக்கு? ஆனா சொல்லிக்குடுத்துட்டேன்."

என்னை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் சாமல்பட்டியில் இருக்கிறாராம், அவரிடம் பழைய ஃபேவர் லூபா ஒன்று இருக்கிறதாம். நூறு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் விற்ற ஸ்விஸ் பெயர் அது. 2011-ல் ஓசூர் டைட்டனே அந்தப் பெயரை வாங்கிப் பல வருஷம் வைத்திருந்து விற்றுவிட்டது. என்ன மாடல் என்று அவருக்குத் தெரியவில்லை. "டயல்ல முள்ளு நாலு இருந்த மாதிரி ஞாபகம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி போனா தூங்குவாரு."

நாலாவது முள் நொடிக்கானதா, அலாரத்துக்கா, தேதிக்கா, வேறெதற்காவதா என்று யோசித்துக்கொண்டே கடையில் பஸ் நேரம் கேட்டேன். சாமல்பட்டி டவுன் பஸ் நாலரைக்கு என்றார் கடைக்காரர். அதுவரை சாப்பிட எதிரே மெஸ் இருக்கிறது, நாட்டுக்கோழி நன்றாக இருக்கும் என்றார்.